தேய்வதற்கென்றே ஒரு இரும்பு – பிரேக் டிஸ்க்கின் கதையும், கடைசல் பட்டறைப் பழக்கமும்

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கு இறங்கும் கார்களை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. மலை ஏறும்போது எஞ்சின் முனகும், ரேடியேட்டர் கொதிக்கும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். இறங்கும்போது அப்படி எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று ஒவ்வொன்றாகக் கடந்து காமக்காபட்டி வந்து சேரும்போது மட்டும் சில கார்களில் இருந்து ஒரு கருகல் வாடை வரும். அந்த வாடைக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திண்டுக்கல் சமவெளி சுமார் 300 மீட்டர். அதாவது இறக்கம் 1,800 மீட்டர். நான்கு பேர் உட்கார்ந்த ஒரு சிறிய காரின் மொத்த எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 1 கோடியே 76 லட்சம் ஜூல். ப்ளஸ் ஒன் இயற்பியல் சூத்திரம்தான் இது. இந்த ஆற்றலைக் கொண்டு 30 டிகிரியில் இருக்கும் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்!

இந்த ஆற்றல் மாயமாகிவிடாது. ஒரு பகுதியைக் காற்றும், டயர்களும், கியரில் இருக்கும் எஞ்சினும் வாங்கிக்கொள்கின்றன. மீதி அத்தனையும் வெப்பமாகி பிரேக்குக்குள் போகிறது. இன்றைய கார்களில் அந்த வெப்பத்தின் பெரும்பங்கைத் தாங்குவது முன்சக்கரங்களில் இருக்கும் இரண்டு வட்டமான இரும்புத் தகடுகள். அவற்றின் பெயர்தான் பிரேக் டிஸ்க்.

அந்தத் தகடு தேயும். தேய்வதற்கென்றே செய்யப்பட்டது அது. தேய்ந்ததை மாற்றுவதா, கடைந்து மறுபடி போடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு பழைய காருக்கும் ஒருநாள் வந்தே தீரும். நம்மூரில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் பழைய காலத்துப் பதிலாக இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மலைக்குப் பாதை வந்த கதை

1875இல் திருச்சியில் இருந்து மதுரைக்கு ரயில் பாதை வந்தது. அம்மையநாயக்கனூரில் இருக்கும் ரயில் நிலையம் இன்றும் கொடைக்கானல் ரோடு என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் ரயில் வந்தும் மலைக்குச் சரியான பாதை இல்லை. அடிவாரம் வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் குதிரை, டோலி, அல்லது நடை. வத்தலக்குண்டில் இருந்து மலை ஏறும் இன்றைய வண்டிப் பாதை மேஜர் லா என்ற ஆங்கில அதிகாரியின் பெயரில் 'லாஸ் காட் ரோடு' எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திட்டமிடப்பட்ட இந்தப் பாதை 1910களில்தான் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

அதே காலகட்டத்தில்தான் தென் தமிழகத்துக்கு மோட்டார் வந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தன் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டு 1911. இன்று டி.வி.எஸ். என்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயரின் தொடக்கம் அதுதான்.

அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். அதுவும் கம்பியாலும் இரும்புத் தண்டுகளாலும் இழுக்கப்படுவது. முன்சக்கர பிரேக் பரவலானது 1920களில்தான். ஆகவே இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரை நம்புவதே அன்றைய ஓட்டுநரின் வித்தை. "எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு" என்று இன்றும் மலைப்பாதை டிரைவர்கள் சொல்கிறார்களே, அது இந்த அனுபவத்தின் சாரம் எனலாம்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

பிரேக்கின் வரலாற்றில் 1902 முக்கியமான ஆண்டு. பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். சக்கரத்தோடு சுழலும் ஒரு இரும்புக் குடுவை, அதன் உள்ளே இரண்டு வளைந்த ஷூ. மிதித்தால் ஷூக்கள் விரிந்து குடுவையின் உட்சுவரை அழுத்தும். அதே 1902இல் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் லாங்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் ஒரு தட்டையான உலோகத் தகட்டை இருபுறமும் கிடுக்கி போலப் பிடிப்பது அவருடைய யோசனை.

இரண்டில் டிரம்தான் வென்றது. காரணங்கள் எளிமையானவை. அன்றைய சாலைகள் மண்ணும் சேறும் நிறைந்தவை. டிரம் மூடியிருந்ததால் புழுதி உள்ளே எளிதில் போகவில்லை. லாங்செஸ்டரின் டிஸ்க் வெளியே திறந்து கிடந்தது. அதோடு அவர் பயன்படுத்திய செம்பு முகங்கள் தகட்டில் உரசியபோது காது கிழியும் சத்தம் வந்தது. டிரம்முக்கு இன்னொரு வசதியும் உண்டு. சக்கரம் சுழலும் திசையே ஷூவை மேலும் உள்ளே இழுத்து அழுத்தும். அதனால் ஓட்டுநரின் கால் பலம் குறைவாகவே போதும். டிஸ்க்கில் இந்த உதவி இல்லை. பெடலை நன்றாக மிதித்தாக வேண்டும், அல்லது மிதிக்கும் விசையைப் பெருக்கும் ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1921இல் அமெரிக்காவின் டூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. கம்பிக்குப் பதில் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தத்தைச் சுமந்து சென்றது. நம்மூர் மெக்கானிக்குகள் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது இதைத்தான்.

வெப்பம் வென்ற கதை

டிரம்மின் பலம் அது மூடியிருப்பது. அதன் பலவீனமும் அதுவே. உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லை. சூடானால் இரும்பு விரியும் என்பது எல்லோரும் படித்தது. டிரம் விரியும்போது அதன் உட்சுவர் ஷூவை விட்டு விலகிப் போகிறது. ஆகவே பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். லைனிங்கும் சூட்டில் தன் பிடிப்பை இழக்கும். ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

டிஸ்க்கில் இது தலைகீழ். சூட்டில் தகடு தடிமனாகும்போது அது பேடை நோக்கியே விரிகிறது, விலகுவதில்லை. இரு முகங்களும் காற்றில் திறந்திருப்பதால் வெப்பம் உடனுக்குடன் வெளியேறுகிறது. மழைத் தண்ணீர் பட்டாலும் சுழற்சியில் சிதறிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடை மிகுந்த விமானங்களைத் தரையில் நிறுத்த டிஸ்க் பிரேக்குகள் பயன்பட்டன. போர் முடிந்ததும் அந்த அனுபவம் கார்களுக்கு வந்தது. 1953ஆம் ஆண்டு பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் முதன்முறையாக வெற்றி பெற்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. ஜாகுவாரை விட சக்தி வாய்ந்த எஞ்சின் கொண்ட கார்களும் அந்தப் பந்தயத்தில் இருந்தன. ஆனால் ஆறு கிலோமீட்டர் நேர் சாலையின் முடிவில் வரும் வளைவில், மற்றவர்கள் முன்கூட்டியே பிரேக் மிதிக்க, ஜாகுவார் கடைசி நேரம் வரை வேகத்தைக் குறைக்கவில்லை. நன்றாக நிற்கத் தெரிந்த வண்டிதான் வேகமாக ஓட முடியும் என்பது அன்று நிரூபணமானது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1955இல் பெருமளவில் தயாரான சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. 1956இல் கர்லிங் நிறுவனத்தின் டிஸ்க்குகளோடு டிரையம்ஃப் டி.ஆர்.3 வந்தது. 1966இல் இத்தாலியின் சாதாரணக் குடும்பக் காரான ஃபியட் 1100இன் புதிய வடிவமான 1100 ஆர் முன்சக்கர டிஸ்க்கோடு வெளியானது.

இந்தியாவில் நின்றுபோன கடிகாரம்

இந்தக் கடைசி வரி இந்தியர்களுக்கு முக்கியமானது. ஏனென்றால் பம்பாயில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட், 1100 ஆர் அல்ல. அதற்கு முந்தைய 1100 டி. 1974 முதல் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் நம் சாலைகளில் ஓடியது அதே 1100 டி-தான். நான்கு சக்கரங்களிலும் டிரம். இத்தாலியர்கள் 1966இல் விட்டுவிட்டதை இந்தியர்கள் 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1950களின் ஆங்கில மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்தில் வந்த அம்பாசடரும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை டிரம் பிரேக்கோடுதான் கழித்தது. முன்சக்கர டிஸ்க் அதற்கு வந்தது மிகவும் பிற்காலத்தில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1962இல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. டி.ஆர்.3 காருக்கு டிஸ்க் கொடுத்த அந்த கர்லிங், லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்ததுதான். ஆக, டிஸ்க் பிரேக் தெரிந்தவர்கள் 1962லேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதைப் பொருத்த நாட்டில் கார் இல்லை! லைசென்ஸ் முறை, இறக்குமதிக் கட்டுப்பாடு, போட்டியே இல்லாத சந்தை. காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இருக்கும் காரையே வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது பிரேக்கை மாற்றி வடிவமைக்க எந்த முதலாளிக்கும் அவசியம் இருக்கவில்லை.

புது உதிரிபாகம் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் விலை அதிகம். இந்தச் சூழலில்தான் நம் ஊர்ப் பட்டறைகளின் திறமை வளர்ந்தது. தேய்ந்த ஷூவைத் தூக்கி எறிய மாட்டார்கள். பழைய லைனிங்கைப் பெயர்த்துவிட்டு, புது லைனிங்கை வைத்து ரிவெட் அடித்துக் கொடுப்பார்கள். டிரம்மில் கோடு விழுந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் உட்புறத்தைக் கடைந்து கொண்டுவருவார்கள். 'லைனிங் அடிப்பது', 'டிரம் கடைவது' என்ற இரண்டும் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மெக்கானிக்குகளுக்கு அன்றாட வார்த்தைகள்.

பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்து பெயர் வாங்கிய திண்டுக்கல்லுக்கு இரும்பு வேலை புதிதல்ல. அரம் பிடிக்கத் தெரிந்த கைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவது என்பது அந்தக் காலத்தில் கஞ்சத்தனம் அல்ல, அறிவு. டிரம் கனமான இரும்பு. ஓரளவு கடைந்தாலும் தாங்கும். எனவே அந்தப் பழக்கம் பெரும்பாலும் சரியாகவே வேலை செய்தது.

டிஸ்க் வந்தது, பழக்கம் போகவில்லை

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. சாதாரண நடுத்தரக் குடும்பத்துக்கு முன்சக்கர டிஸ்க் பழக்கமானது இந்தக் காரின் காலத்தில்தான். 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 1993இல் கார் தயாரிப்புக்கான லைசென்ஸ் முறை நீக்கப்பட்டது. அதே ஆண்டில் மாருதி ஜென் வந்தது. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. அதே ஆண்டின் கடைசியில் டாடா இண்டிகா அறிமுகமானது. 15 ஆண்டுகளுக்குள் டிஸ்க் என்பது வழக்கமாகி, நான்கு சக்கரமும் டிரம் என்பது பழங்கதையானது.

மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றது. அம்பாசடரும் அதே 2014இல் நின்றது. தயாரிப்புதான் நின்றதே தவிர கார்கள் நிற்கவில்லை. பெரிய நகரங்களில் முதல் கையில் ஓடிய கார்கள் இரண்டாம் கை, மூன்றாம் கை என்று மாறி சிறிய ஊர்களுக்கு வருவது வழக்கம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். எனவே 20 வயது தாண்டிய கார்கள் திண்டுக்கல் சாலைகளில் இன்றும் சாதாரணம். அவை பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகின்றன. 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைக்கும் போகின்றன.

அப்படிப்பட்ட காரின் டிஸ்க்கில் கோடு விழுந்தால் முதலில் வரும் யோசனை, "கடைஞ்சு போட்டுக்கலாம்ணே" என்பதுதான். டிரம் காலத்துப் பதில் டிஸ்க்குக்கும் அப்படியே வந்துவிட்டது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

கடைசல் ஏன் இங்கே செல்லாது?

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அதற்குள் கிராஃபைட் கரி மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கிறது. வெப்பத்தை விரைவாகக் கடத்தவும், அதிர்வையும் சத்தத்தையும் உள்வாங்கவும் அந்த இழைகள் உதவுகின்றன. டிஸ்க்கின் வேலை உராய்வது மட்டுமல்ல. ஒவ்வொரு மிதியிலும் உண்டாகும் வெப்பத்தைச் சில நொடிகளுக்குத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகக் காற்றுக்குக் கொடுப்பதும் அதன் வேலை. வாங்கி வைக்க இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் சூடு ஏறும்.

கணக்காகவே பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இருந்து நிற்கிறது. இயக்க ஆற்றல் சுமார் 2,47,000 ஜூல். அதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்று கொண்டால் ஒரு டிஸ்க்கின் பங்கு சுமார் 86,000 ஜூல். உரசும் பகுதியில் 3 கிலோ இரும்பு இருந்தால் ஒரே மிதியில் வெப்பநிலை சுமார் 58 டிகிரி உயரும். தேய்ந்தும் கடைந்தும் அது 2.4 கிலோவாகக் குறைந்துவிட்டால் உயர்வு சுமார் 72 டிகிரி. ஒரு மிதிக்கு 14 டிகிரி வித்தியாசம். சமவெளியில் இது தெரியாது. ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல் அடுத்தடுத்து வளைவு வரும் மலைப்பாதையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிஸ்க் மெலிந்தால், பேடைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பரில் இருந்து அதிக தூரம் வெளியே வர வேண்டும். பேடும் தேய்ந்திருந்தால் அந்த பிஸ்டன் தன் சீலைத் தாண்டும் அளவுக்கு வந்துவிடலாம். அப்படி நடந்தால் பிரேக் ஆயில் வெளியே கொட்டிவிடும். மெலிந்த தகட்டில் வெப்ப வெடிப்புகளும் சீக்கிரம் விழும்.

இதனால்தான் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு குறைந்தபட்ச தடிமன் நிர்ணயிக்கிறார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ அந்த எண் மில்லிமீட்டரில் வார்க்கப்பட்டோ பொறிக்கப்பட்டோ இருக்கும். புது டிஸ்க்குக்கும் அந்த எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சிறிய கார்களில் ஓரிரு மில்லிமீட்டர்தான். அதாவது ஆண்டுக்கணக்கான தேய்மானத்துக்கு ஒதுக்கப்பட்ட மொத்த இரும்பே அவ்வளவுதான். பாதிக்கு மேல் பேடுகள் தின்றுவிட்டபின் மீதியை லேத் தின்றால் என்ன மிஞ்சும்? கடைந்த பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் தாராளமாக இருந்தால் கடைவதில் தவறில்லை. அளக்காமல் கடைவதுதான் தவறு.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பேட் தொடாத வெளி விளிம்பு தேயாமல் ஒரு மேடாக நிற்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கும், டிஸ்க் தடிமனாக இருப்பதுபோலத் தோன்றும். எனவே மைக்ரோமீட்டரால் மேட்டுக்கு உள்ளே, ஐந்தாறு இடங்களில் அளக்க வேண்டும். கிடைப்பதில் மிகக் குறைந்த எண்ணே கணக்கு.

புது டிஸ்க் வாங்கும்போது காரின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல ஆண்டுகள் ஓடிய கார்களில் இடையில் பாகங்கள் மாறியிருக்கும். தயாரிப்பு ஆண்டு, மாதம், சேசிஸ் எண் ஆகியவற்றைச் சொல்லி வாங்குவது நல்லது. கழற்றிய பழைய டிஸ்க்கையே கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. வெளி விட்டம், தடிமன், நடுத்துளையின் அளவு, போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், தொப்பி போன்ற நடுப்பகுதியின் உயரம் என எல்லாமே பொருந்த வேண்டும். உயரம் சற்று மாறினாலும் டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்காது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். கிட்டத்தட்டப் பொருந்தும் சாவி என்று ஒன்று கிடையாது.

உள்ளே காற்று போக இடைவெளி விட்ட டிஸ்க் பொருத்தியிருந்த இடத்தில் ஒற்றைத் தகடு டிஸ்க்கைப் போடக் கூடாது. எப்போதும் இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பழைய பேடைப் புது டிஸ்க்கில் போடக் கூடாது, ஏனென்றால் பழைய டிஸ்க்கின் கோடுகளுக்கு ஏற்ப அது தேய்ந்திருக்கும். பெயரும் பேட்ச் எண்ணும் இல்லாத மலிவான டிஸ்க்குகளைத் தவிர்ப்பது நல்லது. வார்ப்பில் இருக்கும் குறை வெளியே தெரியாது, சூட்டில்தான் தெரியும்.

பொருத்துவது

வேலை பெரிதல்ல, ஆனால் ஒழுங்கு வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் மேலே கட்ட வேண்டும். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. பேட் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. எந்தத் தூசியில் அது இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈரத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

பழைய டிஸ்க் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பல டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாகவே வெளியே வரும். சில பழைய கார்களில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் இருக்கும். அங்கே ஹப்பைக் கழற்றாமல் வேலை நடக்காது, அனுபவம் உள்ளவரிடம் விடுவது நல்லது.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது அடுத்த படிதான். புது டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் முழுவதும் எடுக்க வேண்டும். அங்கே ஒரு துளி துரு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். முடியின் தடிமனுக்கும் குறைவான சாய்வு, ஓட ஓட டிஸ்க்கைச் சீரற்றுத் தேய்த்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் உதறத் தொடங்கும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று குற்றம் சாட்டப்படும் பல டிஸ்க்குகள் உண்மையில் வளைந்தவை அல்ல, தடிமன் சீரற்றுப் போனவை. பொருத்தியபின் டயல் கேஜ் வைத்துச் சாய்வைப் பார்த்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும். பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் பார்க்க வேண்டும். காலிப்பர் நகரும் பின்களுக்கு அதற்கென்றே உள்ள பிரேக் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். வீல் நட்டுகளை எதிரெதிராக, சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதி வெறுமனே தரை வரை போகும்.

பிறகு ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்தில் இருந்து 10 கி.மீ. வரை மிதமாக மிதித்துக் குறைப்பதைப் பத்து முறை செய்ய வேண்டும். இடையிடையே ஆற விட வேண்டும். முதல் 200, 300 கிலோமீட்டருக்குக் கடுமையாக மிதிக்காமல் இருந்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழகிவிடும். டிஸ்க் மாற்றிய மறுநாளே கொடைக்கானலுக்குக் கிளம்புவது சரியல்ல.

ஆயிலையும் மறக்கக் கூடாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230 மற்றும் 155. இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் டிஸ்க் புதிதாக இருந்தும் பயனில்லை. பெடல் பஞ்சு போல அமுங்கும்.

மாற வேண்டியது எது?

ரிவெட் அடித்து, கடைந்து, ஒரு தலைமுறையின் கார்களை ஓட வைத்த பட்டறைகளைக் குறை சொல்வது நியாயம் இல்லை. பாகம் கிடைக்காத நாட்டில் அவர்கள் இல்லாமல் எந்தக் காரும் ஓடியிருக்காது. ஆனால் அந்த வழக்கத்துக்குக் காரணமாக இருந்த பஞ்சம் முடிந்துவிட்டது. 1962இல் பாடியில் தொடங்கிய தொழில் இன்று சென்னையைச் சுற்றிப் பெரிய தொழிலாக வளர்ந்திருக்கிறது. பரவலாக ஓடும் பழைய கார்களுக்கு டிஸ்க் இன்றும் கிடைக்கிறது. காரின் மற்ற பல பாகங்களோடு ஒப்பிட்டால் அதன் விலையும் பெரிதல்ல.

பழைய காலத்து மெக்கானிக்கின் உண்மையான திறமை லேத்தில் மட்டும் இல்லை. எது தாங்கும், எது தாங்காது என்று கையில் எடுத்துப் பார்த்ததுமே சொல்வதில் இருந்தது. அதே கையில் இன்று ஒரு மைக்ரோமீட்டர் இருந்தால் போதும். டிஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணைத் துடைத்துப் படித்து, அளந்து, குறைந்தால் மாற்றச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். டம்டம் பாறைக்குக் கீழே மழையில், நான்கு பேரோடு இறங்கும் ஒரு பழைய காருக்கு அந்த இரண்டு நிமிடம்தான் காவல்.